தட்டச்சின் நடுவே அணைந்துபோன மடிக்கணினி: பினாங்குத் துணிக்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்றில் இருக்கும் துணிக்கடை அது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர மேசை. அதில் 14 அங்குல மடிக்கணினி ஒன்று. சரக்குப் பட்டியல், பில், எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரிக் கணக்கு எல்லாம் அதில்தான். காலை பத்தரையிலிருந்து இரவு கடை அடைக்கும்வரை ஒரே அம்மாள் அதைக் கையாள்கிறார். கடைப்பையன்கள் அவரை அக்கா என்பார்கள். கல்லாப் பக்கம் ஏர்கான் கிடையாது, சுவர் மின்விசிறி மட்டும்.

குறை தொடங்கியது தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கும்போது. பழுதுபார்க்கும் பணிமனைக்குக் கணினி வந்தது தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது. இதற்குள் இரண்டு இடங்களில் பார்த்தாகிவிட்டது. முதல் கடையில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றி 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். இரண்டாவது கடையில் திரைக்குப் போகும் கேபிளை மாற்றி 190 வெள்ளி. இரண்டுக்குப் பிறகும் குறை அப்படியே இருந்தது.

சொல்லப்பட்ட குறை

"டைப் பண்ணிக்கிட்டே இருப்பேன், படார்னு கறுத்துடும். சில நேரம் தானா வந்துடும், சில நேரம் பட்டனை அமுக்கணும். பில் அழியாது தம்பி, அப்படியே இருக்கும்."

இதில் கடைசி வாக்கியத்தைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் அறுந்தோ சூடேறியோ அணையும் கணினி, சேமிக்காத பில்லைத் திருப்பித் தராது. திறந்திருந்த பில் திறந்தபடியே வருகிறது என்றால் கணினி அணையவில்லை, உறக்கநிலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. கணினியைப் பெறும்போது பணிமனை எழுதும் பெறுகைச் சீட்டில் இருந்ததோ, "திடீரென ஆஃப் ஆகிறது" என்று. அந்த ஒரு வரி இரண்டு நாளைத் தின்றது.

பணிமனை மேசையில்: முதல் இரண்டு நாள்

சீட்டில் இருந்ததை நம்பி, அணையும் கணினிக்குச் செய்யும் சோதனைகளே செய்யப்பட்டன. 8 ஜிபி ரேமுக்கு இரவு முழுக்க நான்கு சுற்றுச் சோதனை. பிழை ஏதும் இல்லை. செயலிக்கு (சிபியு) ஒரு மணி நேரம் முழுச்சுமை. வெப்பம் 84 பாகையைத் தாண்டவில்லை, அணையவும் இல்லை. திரை மூடியை 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையே நாற்பது தடவை ஆட்டியதில் படம் ஒருமுறைகூடத் துடிக்கவில்லை. சார்ஜர் முனையை அசைத்தபோதும் மின்சாரம் அறுபடவில்லை. விசிறியில் படிந்திருந்த பஞ்சை மட்டும் எடுத்தார்கள். துணிக்கடைக் கணினியில் அது இல்லாவிட்டால்தான் வியப்பு.

இரண்டு நாளில் ஒருமுறைகூடக் கணினி உறங்கவில்லை. "இங்கே நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடும் ஆசை வரும் நேரம் இது.

பதிவேட்டில் இருந்தது

இரண்டாம் நாள் மாலை, விண்டோஸ் தானாக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைக் காட்டும் இவென்ட் வியூவர் திறக்கப்பட்டது. சிஸ்டம் பதிவில் கெர்னல்-பவர் என்ற மூலத்தை மட்டும் வடிகட்டினால் கதை தெரியும். முறையாக மூடாமல் கணினி அணைந்திருந்தால், அடுத்த முறை எழும்போது எண் 41 பதிவாகும். உறக்கத்துக்குப் போனால் 42, அதிலிருந்து எழுந்தால் 107. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற புதிய வகை உறக்கமுறை உள்ள கணினிகளில் 42, 107 ஆகியவற்றுக்குப் பதிலாக, நுழையும்போது 506, வெளியேறும்போது 507. இந்தக் கணினி பழைய முறையைச் சேர்ந்தது.

41 ஒன்றுகூட இல்லை. ரேம், சூடு, சார்ஜர், மதர்போர்டு மின்பகுதி என்று சந்தேகித்த எல்லாம் அந்த ஒரு பார்வையில் விலகின. 42 நிறைய இருந்தன. இரவில் கடை அடைக்கும்போது மூடியை மூடியதைக் கழித்தாலும், விண்டோஸ் புதிதாக ஏற்றிய நாளிலிருந்து 16 நாளில் 23. அத்தனைக்கும் ஒரே காரணம் பதிவாகியிருந்தது: பொத்தான் அல்லது மூடி. பலவற்றில் அடுத்த சில விநாடிகளிலேயே 107.

முதல் கடையில் விண்டோஸை அழித்தபோது அதற்கு முந்திய பதிவெல்லாம் போய்விட்டது. 80 வெள்ளியைவிட அது பெரிய இழப்பு. குறை என்றைக்குத் தொடங்கியது என்பது அந்தப் பதிவில் துல்லியமாக இருந்திருக்கும்.

பொத்தானா மூடியா

அந்தப் பதிவு இரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே சென்சாரைத் தேடினார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் மூடி மூடப்பட்டதை அறிவது பொத்தானோ கொக்கியோ அல்ல. திரைச் சட்டத்துக்குள் சிறு காந்தம், விசைப்பலகைப் பக்கம் உள்ளங்கை படும் பகுதிக்கு அடியில் ஹால் சென்சார் என்ற பொட்டளவு சில்லு. காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டினால் "மூடி மூடியாயிற்று" என்று கணினிக்குச் சைகை போகும். பரவலாகப் பயன்படும் சில்லுகள் 30 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) அளவில் இயங்கி, 20 காஸ் அளவுக்கு இறங்கினால்தான் விடும். இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். காந்தத்தின் எந்த முனை நெருங்கினாலும் இயங்கும் வகைதான் கணினிகளில் மிகுதி.

சிறு காந்தம் ஒன்றை உள்ளங்கைப் பகுதியின் மேல் மெல்ல நகர்த்தியதில் இடம் கிடைத்தது. இடது ஓரத்திலிருந்து 4 செ.மீ., முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. அங்கே காந்தம் நெருங்கியதும் திரை கறுத்தது, விலக்கியதும் திரும்பியது. காந்தம் இல்லாமல் அந்த இடத்தை அழுத்தியும் தட்டியும் பார்த்தார்கள், எதுவும் ஆகவில்லை. சென்சார் பழுதில்லை. அப்படியானால் கடையில் எங்கிருந்தோ ஒரு காந்தம் வருகிறது.

எடுத்த முடிவும் அதன் குறையும்

காந்தத்தைத் தேடுவதற்குள் வியாபாரம் நிற்கக் கூடாது என்பதால் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று மாற்றிக் கணினி திருப்பிக் கொடுக்கப்பட்டது. தொலைபேசியில் சில கேள்விகள் மட்டும். காந்தக் கொக்கி வைத்த கைக்கடிகாரம் உண்டா? காந்தத்தால் மூடும் கைப்பேசி உறை? சட்டையில் குத்தும் காந்தப் பெயர்ப்பட்டை? "கையில வளையல்தான் தம்பி, அதுவும் தங்கம்." தங்கம் சென்சாரை ஒன்றும் செய்யாது. மேசையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதில் மேலிருந்து எடுத்த ஒரு படம் வந்தது. கணினி, பில் புத்தகம், டீ கிளாஸ், அழகான பூப்போட்ட துணி விரிப்பு. சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாளே கூப்பிட்டார். திரை இப்போதும் கறுக்கிறதாம். "ஆனா மின்னல் எஃப்எம் பாட்டு நிக்கல, ஓடிக்கிட்டே இருக்கு."

பல கணினிகளில் மூடிச் சைகை வந்தவுடன் திரை விளக்கு அணைந்துவிடும். விண்டோஸில் என்ன அமைத்திருந்தாலும் சரி. உறக்கம் நின்றது, கறுப்பு நிற்கவில்லை. இந்த மாற்றம் மருந்து ஆகவில்லை. ஆனால் பாட்டு நிற்காமல் திரை மட்டும் கறுத்தது மூடிச் சைகைதான் என்பதைச் சந்தேகமின்றிக் காட்டியது. பவர் பொத்தான் கணக்கிலிருந்து நீங்கியது.

கடையில் கண்டது

மறுநாள் காலை பணிமனையிலிருந்து ஒருவர் நேரில் போனார். அம்மாளை வழக்கம்போல் உட்கார்ந்து பில் போடச் சொல்லிவிட்டு, எதிரே நிற்காமல், மேசை மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். பூத்துணிக்கு அடியில் மேடாக ஏதோ இருந்தது.

"அது பழைய லேப்டாப். மேசை தாழ்வா இருக்கு, கழுத்து வலிக்குதுன்னு உயரத்துக்கு வச்சேன்."

அதே நிறுவனத் தயாரிப்பு, அதே 14 அங்குலம், மூடிய நிலையில். அதன் மேல் துணி, துணியின் மேல் புதுக் கணினி, விளிம்போடு விளிம்பு ஒட்டி. மூடிய கணினியின் மூடிக் காந்தம் அதன் சென்சாருக்கு நேர்மேலே நிற்கும். மேல் கணினியின் சென்சாரும் அதே இடத்தில்தான். கோணலாக அடுக்கியிருந்தால் இந்தக் குறையே வந்திருக்காது. ஒழுங்காக அடுக்கியதுதான் வினை.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. அடுக்கி வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது, குறை வந்தது அண்மையில்தான். மேல் கணினியைத் தூக்கித் திருப்பியதில் விடை தெரிந்தது. அடியில் நான்கு ரப்பர் கால்களில் இடது முன்கால் இல்லை. அந்த இடத்தில் கறுத்த பசைத்தடம் மட்டும், அதில் ஜரிகை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் 3 மி.மீ. உயரம். எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில், அடியிலிருந்தும் சூடு ஏறும்போது, அந்த இருபக்கப் பசை இளகி நகர்ந்து விழுவது சாதாரணம்.

காரணம் இயங்கிய விதம்

கால் இருந்தபோது காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவே போதிய இடைவெளி இருந்தது. சிறு காந்தத்தின் புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும்; எனவே 3 மி.மீ. என்பது இங்கே சிறிய அளவு இல்லை. கால் போன பிறகு, கணினி சும்மா இருக்கும்போது மற்ற மூன்று கால்கள் அதைத் தாங்கின. பில் எண் அடிக்கும்போது அம்மாள் இடது உள்ளங்கையை ஊன்றுவார். மூலை இறங்கும். புலம் எல்லையைத் தாண்டும். திரை கறுக்கும்.

பதறிக் கையை எடுத்தால் சில நேரம் தானாகத் திரும்பியது, சில நேரம் திரும்பவில்லை. இயங்கும் அளவுக்கும் விடும் அளவுக்கும் இடைவெளி உண்டு என்று மேலே சொன்னது இதற்குத்தான். உள்ளங்கை பாதி எடுபட்டால் போதாது. புலம் விடும் அளவுக்குக் கீழே இறங்கும்வரை கணினியைப் பொறுத்தவரை மூடி மூடியேதான் இருக்கிறது.

அங்கேயே சோதிக்கப்பட்டது. உள்ளங்கையை ஊன்றியதும் கறுத்தது: பத்து முறை அழுத்தியதில் எட்டு முறை. துணிப் பெட்டி அட்டையை மடித்து 6 மி.மீ. கனத்துக்கு அந்த மூலையில் வைத்து அழுத்தியபோது, பத்தில் ஒன்றுகூட இல்லை. மேல் கணினியை 5 செ.மீ. வலப்பக்கம் நகர்த்தி, அட்டை இல்லாமல் அழுத்தியபோதும் இல்லை. கைப்பேசியின் திசைகாட்டிச் செயலியைப் பழைய கணினியின் மூடி மேல் நகர்த்தியபோது, மற்ற இடங்களில் பூமியின் புலமான 40 மைக்ரோடெஸ்லாவை (0.4 காஸ்) ஒட்டி இருந்த எண், இடது முன்மூலையில் மட்டும் எகிறியது. காந்தத்தைத் தேடத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, கைப்பேசியே காட்டிக்கொடுக்கும்.

கீழே இருந்த கணினி

குறை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் விட்டுவிடக்கூடிய இடம் இது. உண்மையில் அந்த மேசையிலேயே கவலைக்குரியது இதுதான். பழைய கணினியின் மூடி சரியாகப் படியவில்லை. திறந்து பார்த்தால் டச்பேட் நடுவில் உப்பி, ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி. அடியில் பேட்டரி ஊதியிருந்தது. பழைய கணக்கு எப்போதாவது தேவைப்படும் என்று ஓராண்டாகச் சார்ஜரில் செருகியபடியே இருந்திருக்கிறது. அந்தச் சார்ஜரோ இரட்டை முள் பிளக். மூன்று துளைச் சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவைச் செருகி, கீழ்த்துளைகளின் அடைப்பைத் திறந்து நுழைத்தது. பேனா இன்னும் அங்கேயே இருந்தது.

லித்தியம் பேட்டரி எப்போதும் நூறு விழுக்காட்டிலும் சூட்டிலும் இருந்தால் உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயு உண்டாகும். அலுமினியத் தாள் உறையில் அது வெளியேற வழியில்லை, உறை உப்பும். மேலே ஒரு கணினி நாள் முழுக்கச் சூட்டைக் கொட்ட, கீழே துணி விரிப்பு அதை அடைத்து வைத்திருந்தது.

கடை முதலாளி, "தீபாவளி முடியட்டும் தம்பி, பிறகு பார்க்கலாம்" என்றார். அதை ஏற்க முடியாது என்று சொல்லப்பட்டது. துணி அடுக்குகளுக்கு நடுவே ஊதிய பேட்டரியைத் தீபாவளிவரை சார்ஜில் விடுவது வேறு எந்தச் சரக்கையும்விடப் பெரிய பந்தயம். பேனாவைப் பிடுங்குவதற்கு முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றினார்கள். உப்பலை அழுத்திச் சமப்படுத்த வேண்டாம், கடையிலேயே கழற்ற வேண்டாம், மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்பவை மட்டும் உறுதியாக இருந்தன. மூடியை அமுக்கி மூடாமல் பணிமனைக்கு எடுத்துப் போனார்கள். வெயிலில் நிற்கும் காரில் விடவில்லை.

செய்தவை

பணிமனையில் பழைய கணினியின் அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைப் பிரித்தார்கள். இந்த வகையில் பேட்டரியைப் பிடித்திருப்பது நான்கு ஸ்க்ரூ, பசை இல்லை. அது நல்ல காலம். பசை இருந்தால் நெம்பும்போது உறை கிழியும் ஆபத்து பெரிது. பிளாஸ்டிக் நெம்பியை மட்டுமே பயன்படுத்தினார்கள். ஓரத்தில் 6 மி.மீ. இருந்த பேட்டரி நடுவில் 14 மி.மீ. மணல் போட்ட இரும்பு வாளியில் வைத்து, பின்கட்டில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் நிறுத்தினார்கள். குப்பைத்தொட்டிக்குப் போகவில்லை. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் காட்மியம்-நிக்கல், பாதரசம், லித்தியம் பேட்டரிக் கழிவுகளுக்கு எஸ்டபிள்யூ 103 என்று குறியீடே உண்டு. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

புதுப் பேட்டரி வாங்கிப் போடலாமா என்ற கேள்வி வந்தது. தேவையானது பழைய கணக்கு மட்டுமே என்பதால் வேண்டாம் என்று முடிவாயிற்று. வன்வட்டைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டுக் கோப்புகளைப் புதுக் கணினிக்கு நகலெடுத்தார்கள். பழைய கணக்கு மென்பொருள் அந்த இயந்திரத்தில்தான் ஓடும் என்பதால், வட்டைத் திரும்ப மாட்டி, மூன்று முள் பிளக் கொண்ட சார்ஜருடன், பேட்டரியில்லாமல் ஓட வைத்தார்கள். சில கணினிகள் பேட்டரி இல்லாவிட்டால் செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும், இதுவும் அப்படியே. பழைய பில் பார்க்க அது போதும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி அலமாரியில் வைக்கச் சொல்லப்பட்டது.

புதுக் கணினிக்குச் செய்தது சின்ன வேலை. பழைய பசையை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, 3 மி.மீ. சிலிகோன் கால் ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைக்காமல் விட்டார்கள். ஒன்று மட்டும் மாற்றினால் உயரம் பொருந்தாமல் ஆடும் என்பதால் நான்கையும் மாற்றினார்கள். உயரத்துக்கு 4 செ.மீ. மரச்சட்டம் இரண்டு, நடுவில் காற்று போக இடம்விட்டு. துணி விரிப்பு எடுக்கப்பட்டது. அம்மாளுக்கு அதில் வருத்தம்தான். அரை மணி நேர முழுச்சுமையில் பழைய அடுக்கின் மேல் 91 பாகை, மரச்சட்டத்தின் மேல் 82.

விண்டோஸின் பவர்-சிஎஃப்ஜி கட்டளை தரும் பேட்டரி அறிக்கையில் இந்தக் கணினியின் பேட்டரி 45,000 மில்லிவாட்-மணிக்கு வடிவமைக்கப்பட்டு, இப்போது 33,800 வரை மட்டுமே நிறைகிறது: முக்கால் பங்கு. இதுவும் எப்போதும் செருகியே இருப்பது, எனவே விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் சார்ஜ் வரம்பு 80 விழுக்காட்டில் நிறுத்தப்பட்டது. மூடி அமைப்பு பழையபடி உறக்கத்துக்கே மாற்றப்பட்டது. இல்லாவிட்டால் இரவெல்லாம் மூடிய கணினி ஓடிச் சூடேறும்.

தொடர்ந்து நடந்தது

தீபாவளிக்கு மறுவாரம் பதிவேடு மீண்டும் பார்க்கப்பட்டது. எண் 42 கடை அடைக்கும் நேரங்களில் மட்டும் இருந்தது. முந்திய இரு கடைகளில் கொடுத்த 270 வெள்ளி திரும்பவில்லை. கேபிளை மாற்றியது தேவையற்றது என்று எழுதிக் கொடுக்க முதலாளி கேட்டார். பழைய கேபிள் கையில் இல்லாததால் அப்படி எழுதித் தரவில்லை.

மாற்றப்பட்டவை

பெறுகைச் சீட்டில் "ஆஃப் ஆகிறது" என்ற பெட்டி எடுக்கப்பட்டது. இப்போது மூன்று கேள்விகள்: திரும்பி வரும்போது திறந்திருந்த வேலை அப்படியே இருக்கிறதா, ஒலி நிற்கிறதா, பொத்தானை அழுத்தாமல் வருகிறதா. திருப்புளியைத் தொடும் முன் கெர்னல்-பவர் பதிவு பார்த்துச் சேமிக்கப்பட வேண்டும். விண்டோஸை அழிக்க வேண்டுமானால் அதற்குப் பிறகுதான். வாடிக்கையாளரிடம் படம் கேட்டால், மேலிருந்து வேண்டாம். விரிப்பை எடுத்துவிட்டு, மேசை மட்டத்தில் பக்கவாட்டிலிருந்து. பழுதுபார்க்கக் கணினியைப் பெறும்போதே அடியில் கால்களை எண்ணுகிறார்கள்.

23 பதிவுகளில் 22 பில் போடும் நேரத்தோடு ஒத்துப்போயின. ஒன்று மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் 1.12-க்கு. அந்த நேரத்தில் அம்மாள் சாப்பிடப் போயிருந்தார், நாற்காலியில் யாரும் இல்லை. அன்றைக்குக் கணினி மேல் பில் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்டதற்கு, "இருக்கலாம், ஞாபகமில்ல" என்றார்.